காமகோட்டத்துப் பொன்னம்மை – 7: மூடுபல்லக்கு

சென்ற வாரம் காஞ்சிக் காமகோட்டத்தில், காயத்திரி மந்திரத்தின் இருபத்துநான்கு அட்சரங்களாகத் தூண்கள் நிற்கும் மண்டபத்துள், கரும்பு வில்லும் மலர்க்கணையும் பாசமும் அங்குசமும் தாங்கிப் பத்மாசனத்தில் வீற்றிருக்கும் மூலவள் காமாட்சியின் திருமுன் நின்றோம். அவளுக்கு எதிரே விளங்கும் ஸ்ரீசக்கரத்தை ஆதிசங்கரர் பிரதிஷ்டை செய்து அவளுடைய உக்கிரத்தைத் தணித்தார் என்ற ஐதிகத்தையும் கேட்டோம்.

கச்சியிலே காமகோட்டம் இருக்கும்போது சிவபெருமான் ஊர்ஊராய்ப் பிச்சைக்குப் போவானேன் என்று சுந்தரமூர்த்தி சுவாமிகள் ஓணகாந்தன்தளிப் பதிகத்தில் உரிமையோடு கேட்டதையும் பார்த்தோம். இருநாழி நெல்லைக் கொண்டு முப்பத்திரண்டு அறங்களையும் வளர்த்த அம்மை அல்லவா அவள்!

உலகுக்கெல்லாம் சோறிட்ட அந்த அம்மைக்கே அடைக்கலம் தேடி ஊர்விட்டுப் போகும் நாள் ஒன்று வந்தது. அந்த நாளின் கதைதான் இந்த வாரம்.

* * *

காமகோட்டத்தில் அம்பிகை ஒரே திருமேனியோடு நின்றவள் அல்லள். கல்லில் நிலைத்த மூலவள் ஒருத்தி. பஞ்சாக்கினி நடுவே தவம் செய்யும் தபஸ்காமாட்சி ஒருத்தி. பிரமதேவனே பொன்னால் சமைத்து, ஏகாம்பரநாதரோடு திருக்கல்யாணம் செய்துவைத்து வழிபட்டான் என்று தலபுராணம் கொண்டாடும் சுவர்ணகாமாட்சி ஒருத்தி. பிற்காலத்தில் இவளுக்குப் பங்காரு காமாட்சி என்ற பெயரே பெருவழக்காயிற்று. பங்காரு என்றால் தெலுங்கில் பொன்.

கல்லில் அமர்ந்தவளைப் பெயர்க்க எவராலும் இயலாது. பெயர்க்க நினைப்பதும் அபசாரம். பொன்னில் எழுந்தருளியவள் நிலை அதுவன்று. விக்கிரகத்தை உடைக்க வருபவனுக்கு அஞ்சவேண்டியது எல்லாக் கோயிலுக்கும் பொது. உருக்க வருபவனுக்கும் அஞ்சவேண்டியது பொன்னம்மைக்கு மட்டும் உரிய ஆபத்து. மாதக்கணக்கில் சம்பளம் காணாத படை ஒன்று ஊருக்குள் புகுந்தால், அது எந்த அரசனுடைய படை, எந்தத் தெய்வத்தைக் கும்பிடும் படை என்பதெல்லாம் பொன்னைக் கண்ட மாத்திரத்தில் மறந்துபோகக்கூடியவை.

கோட்டை ஒன்று விழுந்தது

அப்பொழுது தொண்டைமண்டலத்தின் பெரும்பகுதி கோல்கொண்டாச் சுல்தானின் ஆளுகையில் இருந்தது. தெற்கே செஞ்சிக் கோட்டையோ, 1677-இல் சிவாஜி மகாராஜா படையெடுத்து வந்து கைப்பற்றியது முதல் மராத்தியர் வசம். காஞ்சி இந்த இரண்டு அதிகாரங்களுக்கும் இடையே, எல்லைக் கல்லைப்போல் கிடந்தது.

கோல்கொண்டாவின் கடைசிச் சுல்தான் அபுல் ஹஸன் தன் ராஜ்யபாரத்தை மாதண்ணா, அக்கண்ணா என்ற இரண்டு பிராமண சகோதரர்களிடம் ஒப்படைத்திருந்த வரையில் காஞ்சிக் கோயில்களுக்குப் பெரிய அச்சம் எழவில்லை. 1686-இல் அந்தச் சகோதரர்கள் கொலையுண்டார்கள். அடுத்த ஆண்டு, 1687 செப்டம்பரில், எட்டு மாத முற்றுகைக்குப் பிறகு கோல்கொண்டாக் கோட்டையே ஔரங்கசீப்பின் கைக்குப் போயிற்று.

முகலாயப் படை தெற்கே இறங்கிற்று. செஞ்சியிலிருந்த மராத்தியப் படை வடக்கே ஏறிற்று. இரண்டும் நடமாடிய நிலத்தின் நடுவில் காஞ்சி இருந்தது.

காசிக்கும் காஞ்சிக்கும் இடையே யாத்திரிகர்கள் இடைவிடாது போய்வந்த காலம் அது என்பதை மறந்துவிடக்கூடாது. 1669-இல் காசி விசுவநாதர் ஆலயமும், 1670-இல் மதுரையம்பதிக்கு வடநாட்டில் பெயர் ஒத்த மதுராவில் கேசவதேவர் ஆலயமும் பாதுஷாவின் கட்டளையால் இடிக்கப்பட்ட செய்தி, கங்கைச் செம்பு சுமந்து வந்தவர்களின் வாயிலாகக் காஞ்சி மாடவீதிகளுக்கு எட்டியே இருக்கும். அந்தப் பாதுஷாவின் படை இப்போது கிருஷ்ணா நதியைத் தாண்டிவிட்டது.

1688-ஆம் ஆண்டு பிறந்தது.

மூன்று கோயில்கள், ஒரே முடிவு

வரதராஜப் பெருமாள் கோயில், ஏகாம்பரநாதர் கோயில், காமாட்சி கோயில் ஆகிய மூன்று பெருங்கோயில்களின் அதிகாரிகளும் அந்த ஆண்டில் எடுத்த முடிவு ஒன்றே. வைணவம், சைவம், சாக்தம் என்று மூன்று நெறிகளில் நின்றவர்கள், ஊர் முழுவதற்கும் ஆபத்து வந்தபோது ஒரே வழியில் நடந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நெகிழ்கிறது. மூர்த்திகளை ஊரைவிட்டு மறைத்து எடுத்துப் போய்விடுவது என்பதே அந்த முடிவு.

இது புதிய யோசனையும் அன்று. 1323-இல் திருவரங்கத்தை விட்டுப் புறப்பட்ட நம்பெருமாள், காடும் மலையும் திருமலையும் கண்டு, கடைசியில் செஞ்சியையடுத்த சிங்கவரத்தில் தங்கி, 1371-இல் திரும்பி எழுந்தருளிய கதை காஞ்சி வைணவர்களுக்கு மனப்பாடம். சிவனடியார்களுக்கோ அவ்வளவு பின்னோக்கிப் போகவேண்டிய அவசியமே இல்லை. 1648-இல் சிதம்பரத்தை விட்டுப் போய், குடுமியான்மலையிலும் மதுரையிலும் அஞ்ஞாதவாசம் செய்த நடராஜப் பெருமான், முப்பத்தெட்டு ஆண்டு சிற்சபை வெறிச்சோடிக் கிடந்தபின், 1686-இல்தான் தில்லைக்குத் திரும்பியிருந்தார்.

இரண்டே ஆண்டுக்கு முந்தைய செய்தி! போனவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கையும், வர முப்பத்தெட்டு ஆண்டும் ஆகலாம் என்ற திகிலும், அந்த ஒரே செய்தியில் காஞ்சி ஸ்தானீகர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

பொன்னம்மையின் ஆராதனைக்கு உரியவர்கள் ஒரு பிராமணக் குடும்பத்தார். சங்கீத மும்மூர்த்திகளில் மூத்தவராகப் பிற்காலத்தில் புகழ்பெற்ற ஸ்யாமா சாஸ்திரிகளின் முன்னோர்கள் அவர்கள். பைரவியிலும் யதுகுலகாம்போதியிலும் தோடியிலும் அவர் காமாட்சியை அழைத்து அமைத்த மூன்று ஸ்வரஜதிகளைக் கேட்டு உருகுகிறவர்களில் பலர், அந்தக் குரலுக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாகத் தெய்வத்தைத் தோளில் சுமந்து வழிநடந்த ஒரு குடும்பம் இருக்கிறது என்பதை அறியமாட்டார்கள். சாஸ்திரிகளின் கதைக்கு இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும். இப்போது அவருடைய மூதாதையர் முன் நிற்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: சோதனை போடும் படைவீரர்களின் கண்ணெதிரே பொன் விக்கிரகத்தை எப்படிக் கொண்டுபோவது?

பாடையும் பல்லக்கும்

பிணத்தை எடுத்துச் செல்வதுபோல் மூர்த்திகளை மறைத்து ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள் என்பது காஞ்சியில் வழங்கும் செய்தி. பிணத்தைத் தொட்டுச் சோதிக்க எந்தப் படைவீரனும் முன்வரமாட்டான். திருவீதி உலாவில் கருடன்மேலும் விடைமேலும் ஆரோகணித்து வந்த மூர்த்திகள் பாடையில் போனார்கள். அந்தப் பாடையைத் தூக்கியவர்கள் அன்று அழுதிருந்தால், அந்த அழுகை நடிப்பாய் இருந்திருக்க முடியாது.

பொன்னம்மைக்கு வேறு உபாயம் செய்தார்கள். பொன்னின் ஒளி வெளியே தெரியாதபடி அவள் திருமுகத்திலும் திருமேனியிலும் புனுகைக் கரிதாக அப்பினார்கள். மூடுபல்லக்கு ஒன்றில் அவளைக் கிடத்திப் போர்த்தினார்கள். வைசூரி கண்ட பெண்குழந்தையைச் சுமந்து போகிறவர்களாக நடந்தார்கள்.

இந்த இடத்தில் சற்று நின்று போவோம்.

தமிழ்நாட்டில் அந்த நோய்க்கு மக்கள் நோய்ப்பெயர் சொன்னதில்லை. அம்மை என்பார்கள், வீட்டுக்கு ஆத்தாள் வந்திருக்கிறாள் என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள், அந்நியர் நுழையமாட்டார்கள், பிச்சைக்காரனும் அந்தப் படியேறமாட்டான். ஊரைக் கொள்ளையிடத் துணிந்தவனும் அம்மை கண்ட வீட்டைக் கண்டால் ஒதுங்கிப் போவான்.

வழியில் எவனோ ஒரு காவல்வீரன் பல்லக்கை மறித்து, உள்ளே என்ன என்று கேட்டிருந்தால், சுமந்தவர்கள் என்ன விடை சொல்லியிருப்பார்கள்? அம்மை என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதில் அணுவளவும் பொய்யில்லை. சத்தியத்தை விட்டு விலகாமலேயே சத்துருவைக் கடந்து போகத்தக்க ஒரு சொல்லை அந்த அர்ச்சகர்களுக்கு இந்தத் தமிழே எடுத்துக் கொடுத்தது. தன் பெயரையே தனக்குப் போர்வையாகப் போர்த்துக்கொண்டு பராசக்தி காஞ்சியைக் கடந்தாள்.

இன்றும் தஞ்சை மேலவீதிக் கோயிலில் பங்காரு காமாட்சி புனுகு சாத்திய கரிய திருமேனியளாகவே காட்சி கொடுக்கிறாள். பொன்னம்மையைப் பார்க்கவேண்டும் என்று போகிறவர்கள் கருவறையின் விளக்கொளியில் கருநிறம் கண்டு திகைப்பதுண்டு. மறைந்து போன நாளில் பூசிய பூச்சு, மறையவேண்டிய அவசியம் தீர்ந்த பின்னும், வழிபாட்டின் அங்கமாகவே நிலைத்துவிட்டது.

* * *

இந்தப் பயணத்தின் தொடக்கத்தை இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு முன்னே, தலைக்கோட்டைப் போரை ஒட்டிய காலத்திற்கே தள்ளிச் சொல்லும் குடும்ப மரபும் உண்டு. 1565-இல் விஜயநகரம் பாழானதும் காஞ்சியில் கலக்கம் பிறந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் விஜயநகர அரசர்களும் அவர்கள் வழிவந்த நாயக்கர்களும் பெனுகொண்டாவிலும் சந்திரகிரியிலும் செஞ்சியிலும் இருந்து ஆண்ட காலத்தில் காஞ்சியை விட்டு அம்பிகை நெடுங்காலம் நீங்கியிருக்கக் காரணம் காணோம். மற்ற இரண்டு மூர்த்திகளும் புறப்பட்ட 1688-லேயே அவளும் புறப்பட்டாள் என்று கொள்வதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

வழிநடைப் பூஜை

காஞ்சியிலிருந்து தெற்கே உடையார்பாளையம் 100 மைலுக்கு மேல். வேகவதி, பாலாறு, தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு என்று எத்தனை ஆறுகளை அந்தப் பல்லக்கு கடந்தது! முதலில் செஞ்சியில் தங்கினார்கள் என்று மரபு சொல்கிறது. மராத்தியர் வசமிருந்த செஞ்சியை அன்று நம்பியது இயல்பு. 1689-இல் சத்திரபதி இராஜாராமே மகாராஷ்டிரத்திலிருந்து தப்பி அங்கேதான் வந்து சேர்ந்தார். அதுவே செஞ்சிக்கு வினையாயிற்று. அவரைப் பிடிக்க முகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் 1690-இல் கோட்டையை வளைத்தான். அந்த முற்றுகை 1698 வரை நீண்டது. அடைக்கலம் தந்த இடமே போர்க்களமானபோது பல்லக்கு மேலும் தெற்கே நகர்ந்தது.

இந்த ஆண்டுகளைப் பற்றி எண்ணும்போது என் மனம் போரைவிடப் பூஜையைப் பற்றியே அதிகம் நினைக்கிறது. ஒரு பொழுது ஆராதனைக்கு என்னென்ன வேண்டும்? சுத்தமான ஜலம், நாலு பூ, ஒரு துளி சந்தனம், ஓர் அகலுக்கு எண்ணெய், கைப்பிடி அரிசியில் நைவேத்தியம், மந்திரம் தவறாத ஒரு நாக்கு. இவ்வளவும் ஒரு மரத்தடியில் கிடைத்துவிடுமானால் அந்த மரத்தடி காமகோட்டம்.

ஸ்ரீவித்யை உபாசகர்கள் அம்பிகையை வெளியே சக்கரத்திலும் உள்ளே இருதயத்திலும் ஒருங்கே பூஜிப்பவர்கள். மூககவி அவள் திருவடிக்கும் கடைக்கண்ணுக்கும் புன்முறுவலுக்கும் தனித்தனிச் சதகம் செய்து 500 சுலோகங்களால் அருச்சித்தது காஞ்சி மண்ணில் பிறந்த பாட்டென்றாலும், அதை ஓதக் காஞ்சியின் கோபுரம் வேண்டியதில்லை. கோயில் என்பது மதிலும் மண்டபமும் என்று அந்த அர்ச்சகர்கள் எண்ணியிருந்தால், மதில் நின்ற ஊரிலேயே நின்றிருப்பார்கள். ஒரு நாளும் முறியாத பூஜையே கோயில் என்று அவர்கள் எண்ணினார்கள். அதனால்தான் கோயிலைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடக்க அவர்களால் முடிந்தது.

காஞ்சியிலே மூலவளுக்கும் ஸ்ரீசக்கரத்துக்கும் வழிபாடு நின்றுபோய்விடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கல்லாய் இருந்தவள் ஊரைக் காத்தாள். பொன்னாய் இருந்தவளை அடியார்கள் காத்தார்கள்.

கச்சி என்னும் அடைமொழி

கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடையே, கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் சமீபத்தில், பெரும்படை எளிதில் புகமுடியாத காட்டரணுக்குள் இருந்தது உடையார்பாளையம். அதை ஆண்ட பாளையக்காரர்களுக்குக் 'காலாட்கள் தோழ உடையார்' என்பது பட்டம். அந்த வமிசத்தார் தம் பெயருக்கு முன்னே கச்சி என்ற அடைமொழியைச் சேர்த்து வழங்குவதும் மரபு. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் கொண்டாடிய பெருமை.

கச்சியின் தெய்வங்கள் கச்சியைப் பெயரிலே தாங்கிய ஒருவனிடம் அடைக்கலம் புகுந்தன. பாளையக்காரர் மனம் குளிர்ந்து வரவேற்றார். பெருமாளுக்கும் பெருமானுக்கும் அம்பிகைக்கும் அந்தக் காட்டூரிலே குறைவறப் பூஜை நடந்தது. 1688-இல் கைக்குழந்தையாய் இருந்தவர்கள் வளர்ந்து, மணந்து, தங்கள் குழந்தைகளுக்கு அந்த மூர்த்திகளைக் காட்டி, இவர்கள் நம்மூர்ச் சாமிகள் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

அங்கேதான் சிக்கலும் முளைத்தது.

1710, பங்குனி

ஔரங்கசீப் 1707-இல் காலமானார். முகலாய அதிகாரம் ஆர்க்காட்டில் வேரூன்றி, நவாப் ஸாதத்துல்லாகானின் ஆட்சியில் தொண்டைமண்டலம் மூச்சுவிட்டது. போன மூர்த்திகளைத் திரும்ப எழுந்தருளப் பண்ணலாம் என்று காஞ்சியில் பேச்சு எழுந்தது.

உடையார் மறுத்துவிட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபத்திரண்டு ஆண்டு, நாள்தோறும் காலையில் கண்விழித்ததும் தரிசித்த வரதராஜனைப் பிரியச் சொன்னால் எந்த உள்ளம் இசையும்? பேராசையால் மறுத்தார் என்பதைவிடப் பிரேமையால் மறுத்தார் என்பதே பொருந்தும்.

காஞ்சியில் திருவேங்கட இராமாநுஜ ஜீயர் என்ற துறவி இருந்தார். அவருக்கு ஒரு சீடர்: லாலா தோடர்மால், நவாபின் சேனையில் தலைவர்களுள் ஒருவர். வடநாட்டார், திருமால் பக்தர். திருமலையில் வேங்கடவன் சந்நிதியில் அவரும் அவர் குடும்பத்துப் பெண்மணிகள் இருவரும் கைகூப்பி நிற்கும் உலோகப் படிமங்களை இன்றும் காணலாம். துறவி அந்தச் சேனைத்தலைவரிடம் தம் குறையைச் சொன்னார்.

தோடர்மால் வேண்டுகோள் ஓலையோடு போகவில்லை. படையோடு போனார்.

காட்டரணுக்கு வெளியே அந்தப் படை நின்றபோது உடையாரின் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்று எந்தக் கல்வெட்டும் சொல்லாது. எதிர்த்து நின்றால், எந்தப் போரிலிருந்து மூர்த்திகளைக் காப்பாற்ற இத்தனை ஆண்டு அடைக்கலம் தந்தாரோ, அதே போரை அவர்களுடைய வாசலுக்கு அவரே அழைத்தவராவார். உடையார் இணங்கினார்.

சகம் 1632, விரோதி ஆண்டு, பங்குனி மாதம்: அதாவது 1710. வரதராஜப் பெருமாள் காஞ்சி அத்தியூருக்கு மீண்டும் எழுந்தருளினார் என்று அந்தக் கோயில் தாயார் சந்நிதியருகேயுள்ள கல்வெட்டு பேசுகிறது. அந்த வருகையை நினைந்து உடையார்பாளையம் உற்சவம் என்ற பெயரிலேயே திருவிழா ஒன்றும் அங்கே ஏற்பட்டது. எந்த அதிகாரத்தின் படைக்கு அஞ்சிப் பெருமாள் வெளியேறினாரோ, அதே அதிகாரத்தின் வழிவந்த நவாபினுடைய சேனாபதி அவரைத் திரும்ப அழைத்து வந்தார்! சரித்திரத்தை ஒரே நிறத்தில் தீட்டுகிறவர்கள் இந்தக் கல்வெட்டின் முன் ஒரு கணம் நிற்பது நல்லது.

ஏகாம்பரநாதரும் தம் மாவடி சேர்ந்தார்.

* * *

காமகோட்டத்தார் வாசலில் கோலமிட்டுக் காத்திருந்தார்களா? தெற்கு வீதி திரும்பும் ஒவ்வொரு பல்லக்கையும் எழுந்து எழுந்து பார்த்தார்களா? பொன்னம்மை வரவில்லை.

அவளுக்கென்று பரிந்து பேசிய ஜீயரும் இல்லை, அவளை மீட்கப் புறப்பட்ட தோடர்மாலும் இல்லை என்று சொல்லிவிடலாம். அது பாதி விடை. திரும்பி வருகிற பெருமாளோடு ஒரே படையின் காவலில் ஒரே வழியில் அவளும் வந்திருக்கலாமே! தடுத்தவர் எவர்? உடையாரா? காஞ்சிக்கு மறுபடியும் போர் வரும் என்று உள்ளுணர்ந்த அர்ச்சகர்களா?

மூடுபல்லக்கு உடையார்பாளையத்தை விட்டும் ஒரு நாள் நகர்ந்தது. ஆனால் அது வடக்கே பாலாற்றை நோக்கித் திரும்பவில்லை. அணைக்குடி, நாகூர், சிக்கல் என்று சோழநாட்டின் உள்ளே உள்ளே சென்று, கமலாலயத் திருக்குளத்தின் கரையிலே, தியாகராஜப் பெருமானின் திருவாரூரில் போய் இறங்கிற்று. தன் ஊருக்குப் போகும் வழி திறந்திருந்தபோது, எதிர்த்திசையில் அவளை அழைத்தது எது?

(தொடரும்)